பெயர் சொல்லாத பெட்டி

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாகிவிட்டது. கவுன்சிலிங் முடிந்தது. ஹாஸ்டல் ஃபீஸும் கட்டியாகிவிட்டது. அப்பாடா என்று உட்காரும்போது பிள்ளை பக்கத்தில் வந்து நிற்கும். 'அப்பா, லேப்டாப்.'

அன்றிலிருந்து அந்த வீட்டில் நிம்மதி போச்சு. பக்கத்து வீட்டு சாஃப்ட்வேர் அண்ணன் ஒன்று சொல்வார். அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகன் வேறொன்று சொல்வான். கடைக்காரர் இரண்டையும் கேட்டுவிட்டு, தன்னிடம் ஸ்டாக் இருக்கும் மூன்றாவதை எடுத்து வைப்பார். கையில் இருப்பதோ நகையை அடகு வைத்த காசு. தப்பான பெட்டியை வாங்கிவிட்டால் நாலு வருஷம் அதைக் கட்டிக்கொண்டு அழவேண்டும்.

இந்தத் தலைவலி நம் காலத்தில் பிறந்ததில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் வயதாகிறது. அன்றைக்கு இந்தக் கேள்வி அப்பாவிடம் போகவில்லை. ஒரு பல்கலைக்கழகமே உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டது. அந்தக் கதை தெரிந்தால் கடைக்குப் போகுமுன் கொஞ்சம் தெளிவு கிடைக்கும்.

இடம், அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம். ட்ரெக்ஸல் பல்கலைக்கழகம். 1891-ல் ஆண்டனி ட்ரெக்ஸல் என்கிற பேங்க் முதலாளி ஆரம்பித்த கல்விக்கூடம். ஹார்வர்டு, யேல் மாதிரி பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் கோட்டை அல்ல. கொஞ்ச நாள் படி, கொஞ்ச நாள் கம்பெனியில் வேலை பார், திரும்பி வந்து படி என்று 1919 முதலே ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற, சம்பாத்தியத்தின் அருமை தெரிந்த பிள்ளைகள்.

1982-ல் இந்த ட்ரெக்ஸல் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அடுத்த வருஷம் முதல், புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவர் கையிலும் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருக்கவேண்டும்.

ஒவ்வொரு மாணவர் என்றால் இன்ஜினீயரிங் பிள்ளைகள் மட்டுமல்ல. வணிகம் படிக்கிறவர், டிசைன் படிக்கிறவர், இலக்கியம் படிக்கிறவர், அத்தனை பேரும்!

1982 என்பது என்ன காலம் என்று யோசித்துப் பாருங்கள். ஐபிஎம்மின் பெர்சனல் கம்ப்யூட்டர் சந்தைக்கு வந்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பெரும்பாலான கல்லூரிகளில் கம்ப்யூட்டர் என்றால் ஏ.சி. அறைக்குள் பீரோ மாதிரி நிற்கும் ஒரு பெரிய இயந்திரம். அதனோடு இணைத்த டெர்மினலில் உட்கார முறை வைத்துக் காத்திருக்கவேண்டும். கணக்குப் போடும் துறைக்காரர்கள் தவிர மற்றவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

ட்ரெக்ஸல் மட்டும் இந்த ஆட்டத்தில் இறங்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் கிளார்க்ஸன் கல்லூரி, நியூஜெர்ஸியின் ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்று வேறு சிலரும் அதே நேரத்தில் அதே திட்டத்தோடு கிளம்பியிருந்தார்கள். அவை பெரும்பாலும் பொறியியல் சார்ந்த கல்லூரிகள். அங்கே கம்ப்யூட்டர் வேண்டும் என்று சொன்னால் ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ட்ரெக்ஸலில் கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

எனவே அவர்கள் ஒரு கமிட்டி போட்டார்கள்.

நம் ஊரில் கமிட்டி என்றாலே சிரிப்பு வரும். இந்தக் கமிட்டிக்கு வந்தது சாதாரணக் கஷ்டமில்லை. மாணவர் தலையில் விழும் விலை ஆயிரம் டாலரைச் சுற்றி இருக்கவேண்டும். அன்றைய மாற்று மதிப்பில் சுமார் பத்தாயிரம் ரூபாய். ஸ்கிரீன், டிஸ்க் டிரைவ் எல்லாம் சேர்த்தால் ஐபிஎம் பெட்டி அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. மலிவாகக் கிடைத்தவையோ டி.வி.யோடு கோத்து விளையாடுகிற ரகம்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. பொறியியல் மாணவருக்குப் படமும் சமன்பாடும் வேண்டும். இலக்கிய மாணவருக்குக் கட்டுரை அடித்தால் போதும். டிசைன் மாணவருக்குக் கோடு இழுக்கவேண்டும். இவர்களில் பாதிப் பேர் வாழ்க்கையில் கம்ப்யூட்டரைத் தொட்டதே கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளைகளை மனப்பாடம் செய்து அடிக்கச் சொன்னால் ஓடிவிடுவார்கள்.

இந்தச் சமயத்தில் ஆப்பிள் கம்பெனி ஆட்கள் மெல்லக் காதைக் கடித்தார்கள். எங்களிடம் ஒரு பெட்டி தயாராகிக்கொண்டிருக்கிறது. இன்னும் வெளியே சொல்லவில்லை. பார்க்கிறீர்களா? ஒரே நிபந்தனை. பார்த்ததை யாரிடமும் மூச்சு விடக்கூடாது. எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும்.

கமிட்டி கையெழுத்துப் போட்டது. பார்த்தது. ஒப்புக்கொண்டது.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. 1983-ல் புதிய மாணவர்கள் சேரத் தொடங்கினார்கள். கம்ப்யூட்டர் வாங்கவேண்டும் என்பது தெரியும். எவ்வளவு பணம் என்பது ஏறக்குறையத் தெரியும். அது என்ன கம்ப்யூட்டர்? சொல்லமாட்டோம். பெண் முகத்தைக் காட்டாமலே நிச்சயதார்த்தம் முடித்த மாதிரி!

கல்வியாண்டு தொடங்கியது. பெட்டி வரவில்லை. கிளார்க்ஸனில் மாணவர்கள் ஸெனித் கம்பெனியின் இஸட்-100 கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ட்ரெக்ஸலில் ஒன்றுமில்லை. ஆப்பிள் தரப்பில் வேலை இழுத்துக்கொண்டே போனது. முதல் பருவம் முடிந்தது. அந்த நிர்வாகிகளுக்கு எப்படித் தூக்கம் வந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னும் பிறக்காத ஓர் இயந்திரத்தை நம்பி ஒரு வருஷத்து மாணவர்கள் முழுவதையும் பந்தயம் வைத்தாயிற்று. ஆப்பிள் அந்த வருஷத் தொடக்கத்தில் ஆரவாரமாக வெளியிட்ட லிஸா என்கிற கம்ப்யூட்டர், 9,995 டாலர் விலையில் வாங்க ஆளில்லாமல் திணறிக்கொண்டிருந்தது வேறு வயிற்றைக் கலக்கியிருக்கும்.

1984 ஜனவரி 24. கலிபோர்னியாவில் மேடையேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பையைத் திறந்து பெட்டியை வெளியே எடுத்தார். மெக்கின்டாஷ்.

அடுத்த சில வாரங்களில் ட்ரெக்ஸல் மாணவர்கள் தங்கள் பெட்டிகளை அட்டைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். கடையில் 2,495 டாலர். அவர்களுக்கு ஆயிரத்தை ஒட்டி. ஒன்பது அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை. ஒரு மௌஸ். எழுத ஒரு மென்பொருள், வரைய ஒரு மென்பொருள். ஏழரைக் கிலோ எடை. தலையில் ஒரு கைப்பிடி, தூக்கிக்கொண்டு போக. லேப்டாப் இல்லைதான். ஆனால் ஹாஸ்டல் மேஜையில் இடம் அடைக்காமல் உட்காரும், லீவுக்குக் காரில் வைத்து எடுத்துப் போகலாம் என்கிற அளவில் அதற்கு நெருங்கின உறவு.

கமிட்டி ஜெயித்ததா?

ஒரு விஷயத்தில் ஜெயித்தது. கம்ப்யூட்டர் தெரியாத பிள்ளை ஒரே நாளில் அதில் எழுத ஆரம்பித்தது. எல்லோரிடமும் ஒரே பெட்டி என்பதால், ஒருவருக்குத் தெரிந்தது பக்கத்து அறைக்காரருக்கும் உபயோகப்பட்டது. மாணவர்களே சங்கம் வைத்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டார்கள். பணக்காரப் பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர், ஏழைப் பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் என்கிற பேதம் அந்த வகுப்பறையில் இல்லை.

சில விஷயங்களில் அடி வாங்கியது. பெட்டி வந்துவிட்டது, பாடத்துக்கு ஏற்ற மென்பொருள் வரவில்லை. புதுசாக எழுதலாம் என்றால், ஆரம்பத்தில் மெக்கின்டாஷுக்கு மென்பொருள் எழுதுவதற்கே அந்த விலையுயர்ந்த லிஸா வேண்டியிருந்தது. நினைவகமோ வெறும் 128 கிலோபைட். ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஒரே ஒரு ஃப்ளாப்பி டிரைவ். ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்குக் காப்பி எடுக்க, இதை வெளியே எடு, அதை உள்ளே போடு, மறுபடி இதைப் போடு என்று மாவாட்டிக்கொண்டிருக்கவேண்டும். கட்டுரை சில பக்கங்களைத் தாண்டினாலே எழுதும் மென்பொருள் கையை விரித்துவிடும்.

அதோடு விட்டதா? அதே 1984 செப்டம்பரில் ஆப்பிள் நாலு மடங்கு நினைவகம் கொண்ட 512 கிலோபைட் மெக்கின்டாஷை வெளியிட்டது. வாங்கி ஆறு மாதம்! பழைய பெட்டியில் நினைவகத்தை நாமே கூட்டிக்கொள்ளலாமா என்றால் முடியாது. சில்லுகளை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள்.

இன்றைக்குக் கடையில் போய், மெலிசாக, அழகாக இருக்கிற ஒரு லேப்டாப்பைக் காட்டி 'பிற்பாடு இதில் ராம் கூட்டமுடியுமா?' என்று கேட்டுப் பாருங்கள். பல மாடல்களுக்கு அதே பதில்தான் வரும். போர்டோடு பற்றவைத்தது சார், முடியாது. ட்ரெக்ஸல் பிள்ளைகள் 1984-ல் படித்த பாடம்.

மெக்கின்டாஷைக் கல்லூரிகளுக்கு விற்கலாம் என்பதை ஆப்பிள் நன்றாகப் பிடித்துக்கொண்டது. ட்ரெக்ஸல் உட்பட 24 பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு. மாணவர்களுக்குச் சலுகை விலை. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு இந்த ருசி விடவில்லை.

1985-ல் ஆப்பிளில் அவருக்கும் நிர்வாகத்துக்கும் முட்டிக்கொண்டது. வெளியே வந்தார். அந்தச் சமயத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பால் பெர்க்கைச் சந்தித்தார். வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கியவர். மரபணு ஆய்வுகளைச் சோதனைச் சாலையில் செய்து பார்க்க நாளும் ஆகிறது, செலவும் ஆகிறது. அதைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே மாணவர்களுக்குச் செய்து காட்டமுடியாதா என்று பேச்சு போனது. அதற்கு வேண்டிய சக்தி அன்றைய சாதாரண கம்ப்யூட்டர்களுக்கு இல்லை.

ஜாப்ஸ் முடிவு செய்துவிட்டார். கல்லூரிகளுக்காகவே ஒரு கம்ப்யூட்டர். கம்பெனியின் பெயர் நெக்ஸ்ட். பேராசிரியர்களைக் கேட்டார். அவர்கள் அடுக்கினார்கள். பெரிய திரை வேண்டும், நிறைய நினைவகம் வேண்டும், பிரமாதமான சத்தம் வேண்டும். ஆனால் விலை மட்டும் மூவாயிரம் டாலருக்குள் இருக்கட்டும் என்றார்கள்.

1988 அக்டோபர் 12. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் இசை அரங்கம். கறுப்பாக, கனசதுரமாக, ஓர் அடிக்கு ஓர் அடி, மெக்னீஷியம் உலோகத்தில் செதுக்கியது மாதிரி ஒரு பெட்டி. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். விலையைக் கேட்டதும் இன்னும் கொஞ்சம் பிளந்தார்கள். 6,500 டாலர். பிரிண்டர் வேண்டுமானால் இன்னொரு இரண்டாயிரம். கல்லூரிகளுக்கு மட்டுமே விற்பனை. எந்தக் கல்லூரி மாணவன் வாங்குவான்?

வாங்கவில்லை. மொத்தத்தில் அந்தக் கம்பெனி தன் ஆயுளில் விற்றது சுமார் ஐம்பதாயிரம் பெட்டிகள்தான். 1993-ல் கம்ப்யூட்டர் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள்.

இயந்திரத்தில் பழுது கிடையாது. ஸ்விட்சர்லாந்தின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990-ல் வேர்ல்டு வைட் வெப்பை உருவாக்கியது ஒரு நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில்தான். 1996 கடைசியில் ஆப்பிள் அந்தக் கம்பெனியை வாங்கியது. இன்றைய மேக்புக்குகளில் ஓடுவது அதன் வழிவந்த மென்பொருள். சரித்திரத்துக்கு அந்தப் பெட்டி பெரிய உபகாரம் செய்தது. யாருக்காகச் செய்தார்களோ அந்த மாணவருக்கு மட்டும் எட்டாக்கனி.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ட்ரெக்ஸல் முதலில் விலையைத் தீர்மானித்தது. அப்புறம் பெட்டியைத் தேடியது. நெக்ஸ்ட் முதலில் பெட்டியைத் தீர்மானித்தது. விலை தன்னால் வந்து சேர்ந்தது. நம் வீடுகளில் நடப்பதும் இந்த இரண்டில் ஒன்றுதான்.

சரி, மேஜையில் இருந்த கம்ப்யூட்டர் மடிக்கு எப்போது வந்தது?

கனவு பழசு. ஆலன் கே என்கிற அமெரிக்க விஞ்ஞானி 1968-லேயே அட்டையில் ஒரு மாதிரி செய்து, உள்ளே ஈயக் குண்டுகளைப் போட்டு, எவ்வளவு எடை வரை தூக்கமுடியும் என்று பார்த்தார். 1972-ல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். நோட்டுப் புத்தக அளவு. நான்கு பவுண்டுக்குள், அதாவது இரண்டு கிலோவுக்கும் குறைவான எடை. 500 டாலர் விலை. அதற்கு டைனாபுக் என்று பெயர். அவர் மனத்தில் இருந்தது குமாஸ்தாவோ, மேனேஜரோ அல்ல. குழந்தைகள். படிக்கிற பிள்ளைகள்.

கனவு கைக்கு வர நாளாயிற்று. 1981-ல் வந்த ஆஸ்போர்ன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார்கள். எடை பத்தரைக் கிலோவுக்கு மேல். திரை ஐந்து அங்குலம். பேட்டரி கிடையாது. தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. 1982-ல் வந்த க்ரிட் காம்பஸ்தான் இன்றைய லேப்டாப் மாதிரி மூடித் திறக்கும். விலை 8,150 டாலர். விண்வெளி ஓடத்தில் போனது. கல்லூரிக்குப் போகவில்லை.

கல்லூரிக்குப் போனது 1993-ல். வடமேற்கு மின்னசோட்டாவின் வயல்வெளிகளுக்கு நடுவே க்ரூக்ஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்ன வளாகம். அதுவரை இரண்டு வருஷப் படிப்புக் கல்லூரி. அந்த வருஷம்தான் நாலு வருஷப் பட்டப் படிப்புக்கு மாறியது. முழுநேர மாணவர் எல்லோருக்கும் லேப்டாப் என்று அறிவித்தார்கள். கல்லூரியே வாங்கிக் கொடுக்கும். கட்டணத்தில் சேர்த்து வசூலிக்கும்.

பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் யோசித்துக்கொண்டிருந்ததை விவசாயப் பூமியில் ஒரு குட்டிக் கல்லூரி செய்தது. 1996-ல் வட கரோலினாவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகம் புதிய மாணவர்களுக்கு ஐபிஎம் திங்க்பேட் கொடுத்தது. கட்டணத்தையும் ஏற்றியது. இலவசம் என்று எதுவுமில்லை. பில் வேறு பெயரில் வரும், அவ்வளவுதான்.

நிஜமாகவே இலவசமாகக் கொடுத்தது நம் ஊர். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் ப்ளஸ் டூ மாணவர்கள், கலைக் கல்லூரி, பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் என்று அடுத்தடுத்த வருஷங்களில் கொடுத்தது ஐம்பது லட்சத்தைத் தாண்டும். மூடியில் முதல்வர் படம். விண்டோஸா, லினக்ஸா என்று அப்போது ஒரு பட்டிமன்றமே நடந்தது.

சிலர் வாங்கிய கையோடு விற்றார்கள். சிலர் சினிமா பார்த்தார்கள். கிண்டல் செய்ய நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் ட்ரெக்ஸலில் ஆயிரம் டாலர் கொடுத்து வந்த சமத்துவம், இங்கே காசில்லாமல் ஒரு கூலித் தொழிலாளியின் மகளுக்கு வந்தது. அந்த வீட்டின் முதல் கம்ப்யூட்டர் அதுதான். அதன் மதிப்பை விலைப்பட்டியலில் தேட முடியாது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷத்தில் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று 2025-26 தமிழக பட்ஜெட்டிலும் அறிவித்தார்கள். கதை தொடர்கிறது.

நம் அப்பாவுக்கு வருவோம். பாவம், இன்னும் கடை வாசலில் நிற்கிறார்.

அந்தக் கமிட்டி கேட்ட கேள்விகளையே அவரும் கேட்கலாம். முதலில், எவ்வளவு முடியும்? அதை முடிவு செய்துவிட்டு உள்ளே போகவேண்டும். உள்ளே போய் முடிவு செய்தால் நெக்ஸ்ட் கதைதான். இரண்டாவது, பிள்ளை படிக்கப் போகும் துறையில் எந்த மென்பொருள்? சில பொறியியல் மென்பொருள்கள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஆசையாக மேக்புக் வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் முழிக்கக்கூடாது. கல்லூரியிலேயே சீனியரைக் கேட்டால் சொல்லிவிடுவார். கட்டுரையும் கணக்குமாக இருக்கும் படிப்புக்கு, விளையாட்டுப் பிரியர்களுக்கான கிராஃபிக்ஸ் கார்டு தண்டச் செலவு.

மூன்றாவது, நாலாவது வருஷத்திலும் இது தாங்குமா? ராம், ஹார்ட் டிஸ்க் பின்னால் கூட்டமுடியுமா? முடியாதென்றால் இப்போதே போதுமான அளவு வாங்கிவிடவேண்டும். 128 கிலோபைட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எடை. கடையில் ஒரு நிமிஷம் தூக்கிப் பார்க்கும்போது இரண்டரைக் கிலோ ஒன்றும் தெரியாது. புத்தகம், சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போகும் பிள்ளைக்குத் தெரியும்.

ஆலன் கே அதைத்தான் முதலில் செய்தார். கம்ப்யூட்டர் செய்வதற்கு முன்னால், ஈயக் குண்டைப் போட்டுத் தூக்கிப் பார்த்தார்.

கடைக்குப் போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். தூக்கப்போவது அவர்கள்.